நத்தையின் பேரில் வேகம்

தங்கையை அண்ணன் நத்தை என்றுதான் கூப்பிடுவான். அவ்வளவு நிதானமாகக் கார் ஓட்டுவாள். அவனோ வாடகைக் கார் ஓட்டிப் பிழைக்கிறவன். ஸ்டீயரிங்கைத் தொட்டால் காலில் பேய் ஏறிக்கொள்ளும். வீட்டுக் கார் இரண்டு பேருக்கும் பொது. சாலைக் கேமரா வண்டி நம்பரைத்தான் பிடிக்கும். ஓட்டியது யார் என்று போலீஸ் வீட்டில்தான் கேட்கும்.

"உன் பேரைச் சொல்லிடும்மா. எனக்கு லைசென்ஸ் போனா பிழைப்பே போச்சு. உனக்கென்ன, கடைக்குப் போகத்தானே ஓட்டுற?"

ஒவ்வொரு தடவையும் அவளும் சொல்லிவிடுவாள். கூடப்பிறந்தவனாயிற்றே, கண்ணுங்களா.

அப்புறம்தான் பள்ளி வேனுக்கு ஓட்டுநர் தேவை என்று தெரிந்தது. பிள்ளை இல்லாத அவளுக்கு, வேன் நிறையப் பிள்ளைகளை நினைத்தாலே மனசு குளிர்ந்தது.

வேலை கேட்டுப் போனபோது, வேன்களைப் பார்த்துக்கொள்ளும் மேலாளரம்மா பக்கத்தில் உட்கார்ந்து அவளை ஓட்டச் சொன்னார். "நீங்க ஓட்டினா பிள்ளைங்க தூங்கிடும் போலிருக்கே" என்று சிரித்தார். ஆபீசுக்கு வந்து கம்ப்யூட்டரில் அவளுடைய லைசென்ஸ் பதிவைத் திறந்ததும் அந்தச் சிரிப்பு அடங்கிவிட்டது.

"வேகம், சிவப்பு விளக்கு, மறுபடியும் வேகம். நீங்களா இது?"

அவள் தரையைப் பார்த்தாள்.

"இதோட உங்களைச் சேர்க்க முடியாதும்மா. இனிமே ஒண்ணும் ஏறாம இருந்தா பழசெல்லாம் கழியும். அடுத்த வருஷம் வாங்க, பார்க்கிறேன்."

வெளியே காத்திருந்த அண்ணனுக்கு இதைக் கேட்டதும் முகம் சுண்டிப்போனது.

"நான் போய் உண்மையைச் சொல்றேன்."

"வேணாண்ணா. அடுத்த வருஷம் வரச் சொல்லியிருக்காங்க. பேசாம வண்டியை எடு."

"உன் தலையில ஏத்தினவன் நான், நானே இறக்கி வைக்கிறேன்" என்றவன் அதற்குள் படியேறிவிட்டான். எதில்தான் அவனுக்கு நிதானம்!

மேலாளரம்மா முழுசாகக் கேட்டார். பிறகு, பின்னாலேயே ஓடிவந்து வாசலில் நின்ற தங்கையைப் பார்த்தார்.

"வேகமா ஓட்டினவங்க திருந்தட்டும்னு காத்திருக்கலாம். போலீஸ்கிட்டயே மாத்திச் சொன்னவங்களை நம்பி எப்படிம்மா பிள்ளைங்களை ஏத்துறது? நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா, என்ன நடந்ததுன்னு உங்ககிட்டதானே நான் கேக்கணும்? அடுத்த வருஷமும் வர வேண்டாம்."

திரும்பும்போது அவன் ஊர்ந்துதான் ஓட்டினான். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள்.

"மன்னிச்சிடும்மா" என்று அவள் பக்கம் திரும்பினான்.

"ரோட்டைப் பாத்து ஓட்டுண்ணா" என்றாள்.