இடது ஸ்பீக்கரின் வயர்

நானும் என் மனைவியும் பிரிந்தபோது எங்கள் வீட்டுச் சாமான்களைப் பிரித்துக் கொடுத்தவன் என் மச்சினன், அவளுடைய தம்பி. நல்லவன்தான், ஆனால் பாட்டுக்கும் அவனுக்கும் ஏழாம் பொருத்தம். "ஸ்பீக்கர் ரெண்டும் மாமா வாங்கினது, அது மாமாவுக்கு. ஆம்ப்ளிஃபையர் அக்கா சம்பளத்துல வாங்கினது, அது அக்காவுக்கு" என்று நியாயம் பேசிவிட்டு அதை வேனில் ஏற்றினான். ஒன்றில்லாமல் இன்னொன்று வெறும் மரப்பெட்டி என்று நானாவது சொல்லியிருக்கலாம், அவளாவது சொல்லியிருக்கலாம். இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. யார் முதலில் பேசுவது என்பதே அன்றைக்குப் பெரிய வீராப்பாக இருந்தது. வேன் போய்விட்டது. ஸ்பீக்கர்கள் ஹாலின் இரண்டு மூலைகளிலும் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றன.

சில மாதம் பொறுத்தேன். வீட்டில் குளிர்பெட்டியின் உறுமலைத் தவிர வேறு பேச்சுத்துணை இல்லை. வேலையிலிருந்து வந்து சாவியை மேசையில் வைக்கும் சத்தம்கூட என்னைத் திடுக்கிட வைத்தது. ஒரு ஆம்ப்ளிஃபையர் வாங்கிவிட வேண்டியதுதான் என்று முடிவு செய்தேன். பழைய மாடல் இப்போது வருவதில்லை. அதனால் என்ன, அந்தச் சத்தம் வந்தால் போதும். அது வந்துவிட்டால் வீடும் பழையபடி ஆகிவிடும் என்று உண்மையாகவே நம்பினேன். சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.

எனக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. கண் பரிசோதிக்கிறவன். நாள் முழுக்க லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, முன்னாடி போட்டது தெளிவா இருந்துச்சா?" என்று கேட்பது என் பிழைப்பு. சிலர் "ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு" என்று உயிரை எடுப்பார்கள். அவர்களை மனதுக்குள் எவ்வளவு திட்டியிருப்பேன்! ஆடியோ கடையில் நானும் அப்படியொரு ஆளாக உட்கார வேண்டி வந்தது.

ஸ்பீக்கர்களை வாடகை வண்டியில் கடைக்கே கொண்டுபோயிருந்தேன். கடைக்காரர் வாய் ஓயாதவர். பெட்டியின் பின்புறம் குனிந்து பார்த்துவிட்டு, "நாலு ஓம் ஸ்பீக்கரா? சரியான சாப்பாட்டு ராமன் சார் இது. கரண்ட்டை இழுத்துக்கிட்டே இருக்கும். சின்ன ஆம்ப் போட்டீங்கன்னா அது பாவம், சூடாகி மூச்சு முட்டிடும்" என்றார். தன்னுடைய தடித்த வயர்களால் ஒவ்வொன்றாக மாட்டிக் காட்டினார். எனக்கும் அவளுக்கும் பிடித்த பாடகியின் சிடியைக் கையோடு எடுத்துப் போயிருந்தேன்.

"இதுவா, முன்னாடி கேட்டதா?"

"ரெண்டும் இல்லைங்க."

"என்ன குறையுது, அதைச் சொல்லுங்க."

எப்படிச் சொல்வது? எதைப் போட்டாலும் பாடகி நட்ட நடுவில் வந்து ஆணி அடித்த மாதிரி நின்றாள். எங்கள் வீட்டில் அவள் அப்படி நிற்கமாட்டாள். குரல் இன்ன இடத்திலிருந்து வருகிறது என்று சொல்லவே முடியாது. சுவர், கூரை, சமையலறை எல்லாம் சேர்ந்து பாடுவது போல இருக்கும். சோபாவின் இந்த மூலையில் நான், அந்த மூலையில் என் மனைவி, நடுவில் செய்தித்தாளும் மடிக்காத துணியும். யார் எங்கே உட்கார்ந்தாலும் ஒரே பாட்டுதான். "குரல் பரவணும்" என்று மட்டும் சொன்னேன்.

"பரவணுமா?" கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "வீட்டம்மாவையும் கூட்டிட்டு வாங்க சார், அவங்க ஒரு முடிவு சொல்லட்டும்."

"அவங்க வெளியூர்ல இருக்காங்க."

கடைசியில் அவர் பொறுமை இழந்து, முதலில் காட்டிய சின்ன ஆம்ப்ளிஃபையரையே என் கையில் திணித்தார். இரவலாக எடுத்துப் போய் வீட்டில் கேட்டுப் பார்க்கச் சொன்னார். என்னைக் கடையை விட்டுக் கிளப்ப வேறு வழி தெரியவில்லை அவருக்கு.

வீட்டில் என் பழைய வயர்களையே மாட்டினேன். சிடியைப் போட்டேன். பாடகி வாயைத் திறந்ததும் உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அதே குரல். நடுவில் நிற்காமல் வீடெங்கும் பரவி, சமையலறை வரைக்கும் போய்விட்டு வருகிற குரல். என் மூலையிலிருந்து எதிர் மூலையைப் பார்த்து, "வந்துடுச்சு, பாத்தியா!" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். அங்கே யாரும் இல்லை. அழுதேன். மறைப்பதற்கும் வீட்டில் ஆள் இல்லை.

கடைக்காரருக்குப் போன் செய்து இதுதான் வேண்டும் என்றேன்.

"அதைத்தான சார் மொதல்லயே வேணாம்னீங்க?"

"வீட்டுல நல்லா கேக்குது."

அவருக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு பெரிய ஆம்ப்ளிஃபையரைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். பாட்டை அரை நிமிடம் கேட்டிருப்பார், முகம் கோணியது. சின்ன ஆம்ப்ளிஃபையரின் தலையில் கையை வைத்து, "தோசையே சுடலாம் போல" என்றார். பிறகு அதன் பின்னால் குனிந்து எட்டிப் பார்த்தார்.

"சார், வயருக்கு யாரு நெயில் பாலிஷ் வச்சது?"

அவள்தான். புதிதாகச் செட் வாங்கிய அன்றைக்கு நடந்தது அது. சாம்பல் நிற இரட்டை வயர், ஒரு இழையின் மேல் மட்டும் மேடாக ஒரு கோடு ஓடும். வலது வயரின் இரண்டு முனைகளையும் நானே மாட்டினேன், கோடு போட்ட இழை சிவப்புத் துளையில். இடது வயருக்கு அவளும் கை கொடுத்தாள். நான் ஸ்பீக்கர் பக்கம், அவள் ஆம்ப்ளிஃபையர் பக்கம். நான் கோடு போட்ட இழையைச் சிவப்பில் மாட்டினேன். அவள் கோடு இல்லாத இழையைச் சிவப்பில் மாட்டி, மறந்துவிடாமல் இருக்க அதில் பாலிஷால் ஒரு பொட்டும் வைத்தாள். நான் அவளைக் கேட்கவில்லை, அவளும் என்னைக் கேட்கவில்லை. அவரவர் முனையில் அவரவர் சரி. அப்படி மாட்டின ஸ்பீக்கர்கள் பாடின, இருவருக்கும் பிடித்துப்போயிற்று. இந்தச் சின்ன ஆம்ப்ளிஃபையரிலும் அந்தப் பொட்டைப் பார்த்துத்தான் சிவப்பில் மாட்டியிருந்தேன்.

"ஒரு ஸ்பீக்கர் தள்ளும்போது இன்னொண்ணு இழுக்குது சார். ரெண்டும் ஒண்ணையொண்ணு அடிச்சுக்குது. அதான் கனமான பாஸ் சத்தம் செத்துப்போச்சு, குரல் எங்க இருக்குன்னே தெரியலை. எவ்வளவு நாளா இப்படிக் கேக்குறீங்க?"

"கல்யாணம் ஆனதுலேருந்து."

அவர் சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

பெரிய ஆம்ப்ளிஃபையரை வைத்து, இடது வயரை மாற்றி மாட்டி, பாட்டைப் போட்டார். நான் என் மூலையில் போய் உட்கார்ந்தேன்.

"அங்க இல்ல சார், நடுவுல வாங்க."

"நா இங்கதான் உக்காருவேன்."

"அங்கேருந்து கேட்டா ஒண்ணும் தெரியாது. ரெண்டு ஸ்பீக்கருக்கும் சரிநடுவுல ஒரு ஆள் உக்காரணும். அந்த ஒரு ஆளுக்குத்தான் முழுசாக் கேக்கும்."

துணியையும் செய்தித்தாளையும் ஒதுக்கிவிட்டு நடுவில் உட்கார்ந்தேன். பாடகி எதிரே வந்து நின்றாள். மூச்சை இழுப்பது கேட்டது, உதடு பிரிவது கேட்டது. நன்றாகத்தான் இருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "இதையே வச்சுட்டுப் போங்க" என்றேன். "வீட்டம்மா வந்ததும் கேக்கச் சொல்லுங்க, அசந்துடுவாங்க" என்று சொல்லி, சின்னதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பினார். சொல்கிறேன் என்றேன்.

அவர் தலை மறைந்ததும் வயரைப் பழையபடி தப்பாகவே மாற்றி மாட்டிவிட்டு, என் மூலையில் போய்ச் சாய்ந்துகொண்டேன். குரல் பரவத்தான் செய்தது. ஆனால் இப்போது எனக்கு அந்தத் தப்பு மட்டுமே கேட்டது. நடுவில் ஒரு பள்ளம், அதைச் சுற்றிச் சத்தம். சரியான கண்ணாடியை ஒருமுறை போட்டுப் பார்த்தவர் பழையதை மறுபடி மாட்டிக்கொண்டு, இதை வைத்துக்கொண்டா இத்தனை நாள் பார்த்தேன் என்று கேட்பார். எத்தனையோ பேர் என்னிடமே கேட்டிருக்கிறார்கள். இனி எவ்வளவு பெரிய ஆம்ப்ளிஃபையர் வாங்கினாலும் பழைய சத்தம் எனக்கு வராது.

மறுபடி எழுந்து போய்ச் சரியாக மாட்டினேன். சரியாக மாட்டினால் அவள் வைத்த சிவப்புப் பொட்டு கறுப்புத் துளைக்குப் போகிறது. பின்னால் குழப்பம் வரும், சுரண்டிவிடலாம் என்று நகத்தை வைத்தேன். மனம் வரவில்லை, அப்படியே விட்டுவிட்டேன்.

பிறகு சோபாவின் நடுவில் போய் உட்கார்ந்தேன். இரண்டு பக்கமும் காலியாக இருந்தது. பாட்டு மிக நன்றாக இருந்தது.