தனித்தொட்டி

பவளம் என்ற பெயரை எந்தப் புண்ணியவான் கடல் பிராணிக்கும் வைத்தானோ, கையில் கிடைத்தால் நாலு அறை விடுவேன். அந்த ஒரு சொல்லால்தான் எங்கள் குடும்பம் ரத்தம் பார்த்தது.

என் வீட்டுக்காரர் திருமலைசாமி. பல்லடத்துக்குப் பக்கத்தில் சொத்து பிரித்தபோது அவருடைய அண்ணன் செங்கோடனுக்கு மல்பெரிக் காடும் பட்டுப்புழு மனையும் போயின. எங்களுக்கு வந்தது சீக்கில் காலியான கோழிக்கொட்டாய். செங்கோடனை நேரில் மாமா என்று மரியாதையாகத்தான் கூப்பிடுவேன். இங்கே கதை சொல்லும்போது ‘அவன்’தான்.

கொட்டாயில் தொட்டி வைத்து வண்ண மீன் வளர்த்துக் கோயமுத்தூர் கடைகளுக்குக் கொடுத்தோம். பிறகு தூத்துக்குடி உப்பு லாரியில் கடல் தண்ணீரும் உயிர்ப் பவளமும் வர ஆரம்பித்தன. பவளத்தைத் துண்டு போட்டு, சிமெண்ட் வில்லையில் பசை வைத்து ஒட்டினால், முருங்கைப் போத்து மாதிரி ஒவ்வொரு துண்டும் தனியாகப் பிழைத்துக்கொள்ளும்.

அதில் பொத்தான் பவளம் என்று ஒரு வகை. அதை வெட்டும்போது சாறு என் வீட்டுக்காரர் விரல் காயத்தில் பட்டுவிட்டது. உதடு மரத்து, மூச்சு இழுத்து, ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தார். வந்ததும் முதல் வேலையாகப் பொத்தானுக்கு மட்டும் கொட்டாயின் கோடியில் தனித்தொட்டி வைத்தார். நீல டியூப்லைட், தனி மோட்டார், அறைக்குப் பூட்டு. அண்ணன் மகள் அக்ஷயா எந்நேரமும் எங்கள் கொட்டாயில்தான் கிடப்பாள். ஐந்து வயசுக் குழந்தை கையை விட்டுவிடக் கூடாது என்றுதான் அந்தப் பூட்டு.

பூட்டைப் பார்த்தால் பொக்கிஷம் என்று நினைக்கிற ஜென்மம் செங்கோடன். லாரிக்காரன் வாயில் பவளம் என்று கேட்டுவிட்டான். ஒரு மத்தியானம் கடப்பாரையோடு வந்து பூட்டை உடைத்தான்.

“ஏன்டா, எங்கப்பன் கொட்டாயில பவளம் வெளைய வெச்சுப்போட்டு எனக்குத் தெரியாம பூட்டியா வெக்கறே?”

“நகைப் பவளம் இல்லீங்ணா. விசமுங்க. பாப்பா தொட்டுப்போடும்னுதானுங்க பூட்டுனேன்.”

“விசத்த எவன்டா லைட்டுப் போட்டு வளத்துவான்?”

கடப்பாரை தொட்டியில் இறங்கியது. தடுக்கப் போனவரின் கையில் அடுத்த அடி. எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. கீழே விழுந்தவரைக் கண்ணாடிச் சில்லின் மேலேயே போட்டு மிதித்தான். இவரோ ரத்தம் துப்பிக்கொண்டு “வேண்டாமுங்ணா” என்கிறார். மிதி வாங்கும்போதும் ‘ங்க’ போடுகிற மனுஷனை என்ன சொல்வது? நான் மண்வெட்டிப் பிடியால் செங்கோடன் முதுகில் ஓங்கிப் போட்டேன். அவன் என் கழுத்தைப் பிடித்துச் சுவரில் மோதினான். கடப்பாரையை எறிந்துவிட்டு, பொத்தான் ஒட்டியிருந்த கல் அத்தனையும் சாக்கில் அள்ளிக்கொண்டு போனான்.

ஒடிந்த கைக்கு நான் துணி கட்டிக்கொண்டிருந்தபோது அவன் பெண்டாட்டி பூவாத்தாள் தள்ளாடி வந்தாள்.

“அம்மணி, எனக்கு நாக்கு மரத்துப்போச்சு. அந்தக் கல்லையெல்லாம் எங்கூட்டுல அண்டாவுல போட்டு வேக வெக்கறாரு. பட்டுக்கூட்ட வேக வெச்சாத்தான நூலு வரும், அதாட்ட மேல்தோலு வெந்தா உள்ள பவளம் வந்துருமுங்கறாரு. ஆரும் பாத்துருவாங்கன்னு கதவு சன்னலெல்லாம் சாத்திப்போட்டாரு.”

“பாப்பா எங்கக்கா?”

“உள்ள. அவங்கப்பங்கிட்ட.”

என் வீட்டுக்காரர் நல்ல கையால் என்னைத் தள்ளிவிட்டார். “சாறு பட்டதுக்கே நான் அப்படிக் கெடந்தேன். ஆவிய இழுத்தா அவ்வளவுதான். ஓடு, அம்மணி!”

செங்கோடன் செத்துத் தொலையட்டும் என்றுதான் நினைத்தேன், சத்தியமாக. அக்ஷயாவுக்காகத்தான் ஓடினேன். அவன் விட்டுப்போன கடப்பாரையை எடுத்துக்கொண்டேன்.

“மாமா, கதவத் தெறங்க! பாப்பா செத்துருமுங்க!”

“பங்குக்கு வந்துட்டயா? உள்ள வந்தே, வெட்டிப்போடுவேன்!”

சொல்லி முடிக்குமுன் இருமினான். குழந்தையின் இருமலும் கேட்டது. அப்புறம் அவன் இருமல் மட்டும் கேட்டது.

தாழ் தெறிக்கும்வரை இடித்தேன். ஈரமுந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டு நுழைந்தேன். உள்ளே ஒரே புகைமூட்டம், அழுகிய மீன் நாற்றம். அடுப்புக்குப் பக்கத்தில் அக்ஷயா சுருண்டு கிடந்தாள். குனிந்த என் தோளில் அரிவாள் இறங்கியது. வலி தெரியவில்லை, சூடுதான் தெரிந்தது. கடப்பாரையால் அவன் மணிக்கட்டில் அடித்தேன். அரிவாள் விழுந்தது. குழந்தையை வாரிக்கொண்டு வெளியே வந்து விழுந்தேன்.

“வெளிய வாங்க மாமா!” என்று கத்தினேன். அப்போது மனசார அழைத்தேன். அவனோ உடைந்த கதவைத் தள்ளிச் சாத்தி, உள்ளிருந்து முதுகு கொடுத்து உட்கார்ந்துகொண்டான்.

பக்கத்துத் தறிக்குடோன் ஆட்கள் ஓடி வந்து கதவைத் தள்ளினார்கள். நாலு பேர் சேர்ந்தும் சட்டென்று திறக்கவில்லை. அந்தக் கனம் முழுக்க அவன் பிணம்.

அக்ஷயா ஆஸ்பத்திரியில் கண் திறக்கும்போது பக்கத்துக் கட்டிலில் தோளில் தையலோடு நான் இருந்தேன். செத்தவனை வாய்க்குள் திட்டிக்கொண்டுதான் இருந்தேன். அவள் என்னைப் பார்த்துக் கேட்டாள்.

“சின்னம்மா, தோடு வெந்துருச்சுங்களா? பவளத் தோடு எனக்குத்தான்னு அப்பா சொன்னாருங்க.”

வாயில் இருந்த வசவு அப்படியே நின்றுவிட்டது. நான் எழுந்து அவளுக்குத் தண்ணீர் கொடுத்தேன்.