ஒரு மடக்குத் தண்ணீர்

ராமுத்தாய் மறுபடியும் தண்ணீர் கேட்டாள். வாசலில் உட்கார்வதும் எழுவதுமாக இருந்த அவள் கணவன் மூக்கையாவுக்கு, மண்சுவரைத் தாண்டி அந்தக் குரல் கேட்டது. விடிகாலையில் பிள்ளை பிறந்ததிலிருந்து இதையேதான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஆத்தா, ஒரு மடக்குக் குடேன்," என்றான் வாசலிலிருந்தே.

"பச்சை ஒடம்புக்காரிக்குத் தண்ணி குடுத்தா ஜன்னி வந்துரும்டா. செத்த நேரம் பொறு," என்று உள்ளேயிருந்து அதட்டினாள் அவன் தாய் சிவனம்மாள். அது ஊர் வழக்கம். பிள்ளை பெற்ற இடத்துக்குள் ஆண்கள் போகாததும் வழக்கம்.

பிறகு குரல் நின்றது.

"தூங்கிட்டா. நல்லதுதான்," என்றாள் சிவனம்மாள்.

மூக்கையாவுக்கு அந்த அமைதி பொறுக்கவில்லை. துண்டை அவிழ்த்தான், கட்டினான், மீண்டும் அவிழ்த்தான். கடைசியில் வழக்கத்தை மீறி உள்ளே நுழைந்துவிட்டான். ராமுத்தாய் தூங்கவில்லை. கண் பாதி திறந்திருந்தது. உதடு வெளுத்துப்போய், பங்குனி வெக்கையிலும் கை சில்லிட்டு வியர்த்திருந்தது. பழந்துணிகள் நனைந்து, தரையில் ரத்தம் ஊறியிருந்தது.

குழந்தையைப் பிரசவம் பார்த்த மருத்துவச்சியிடம் விட்டுவிட்டு, அக்கம்பக்கத்தார் கைகொடுக்க, கயிற்றுக் கட்டிலோடு அவளைத் தூக்கிக்கொண்டு ஆத்தூர் ரோட்டுக்கு ஓடினார்கள். திண்டுக்கல்லுக்குப் பதனிடாத பச்சைத்தோல் ஏற்றிப்போன லாரி ஒன்று நின்றது.

"அந்த நாத்தத்துலயா பிள்ளை பெத்தவளை ஏத்துவ?" என்று கத்தினாள் சிவனம்மாள்.

டிரைவர் சனாவுல்லா கட்டிலை ஒருமுறைதான் பார்த்தார். உடனே தோல்களை இழுத்து ரோட்டோரம் போட ஆரம்பித்துவிட்டார். "எறக்கிட்டுத்தான் ஏத்துறேன் ஆத்தா. இதுல ஒண்ணை நாய் இழுத்தாலும் மொதலாளி என் தோலை உரிச்சுருவாரு. அது பெறகு. அப்பு, கட்டில் காலைப் பிடி!" என்று மூக்கையாவை அழைத்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவுக்கு நாடி சட்டென்று அகப்படவில்லை. "ரத்தம் ரொம்பப் போயிருச்சு. தாகம்னு சொல்லியிருப்பாளே, தண்ணி குடுத்தீங்களா?"

"குடுக்கலைங்க," என்றான் மூக்கையா. கண்ணாடிப் பாட்டிலில் உப்புநீர் ஏறியது. அவன் ரத்தம் சேரும் என்றார்கள், கையை நீட்டினான். பிறகு வராந்தாவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தான். பழனி முருகன் அன்றைக்குத் தோல் லாரியில் வந்ததாகவே அவனுக்குத் தோன்றியது. வந்தவர் பாதியில் விட்டுவிடுவாரா?

சாயங்காலம் ராமுத்தாய் கண் திறந்தாள். "தண்ணி..."

"கொஞ்சங்கொஞ்சமாக் குடுங்க," என்றாள் நர்ஸ். மூக்கையா டம்ளரை அவள் உதட்டில் வைத்தான்.

அப்போது வாசலில் சனாவுல்லா தலை நீட்டினார். தோல்களை ஏற்றிவர ஆத்தூர் ரோட்டுக்குப் போய்விட்டு வந்திருந்தார்.

"தோல் அம்புட்டும் பத்திரம் அப்பு. ஒங்காத்தா வெயில்ல ஒக்காந்து, முந்தானையால ஈ ஓட்டிக்கிட்டு, நாயை வெரட்டிக்கிட்டுக் காவல் இருந்திருக்கு. வண்டியில ஏறுன்னேன், பேரப்புள்ளைகிட்டப் போகணும்னுருச்சு. ஒண்ணே ஒண்ணு மட்டும் கேட்டு வரச் சொல்லுச்சு."

"என்ன பாய்?"

"மருமக தண்ணி குடிச்சாளான்னு."

மூக்கையா பாதி குறைந்திருந்த டம்ளரைத் தூக்கிக் காட்டினான்.

"போய்ச் சொல்லிட்டு வந்துர்றேன். இல்லேன்னா அது தூங்காது," என்று சனாவுல்லா லாரியை நோக்கி நடந்தார்.