சொல்லக் கூடாத பேர்

பாப்பம்மா மாமனாரின் காதில் வாயை வைத்துக் கத்தினாள். "கஞ்சி குடிக்கிறீங்களா மாமா?"

"மழையா? பெய்யட்டும், பெய்யட்டும்," என்றார் சின்னசாமி.

சுரங்கத்தில் பாறைக்கு வெடி வைத்தே காது போன மனுஷன். ஊரிகம் லைனில், சுரங்கக் கூலிகளின் அந்த ஒட்டு வீட்டு வரிசையில், வீட்டுக்கு வீடு மூங்கில் தட்டிதான் சுவர். அவரிடம் ஒன்று சொன்னால் லைனுக்கே சொன்ன மாதிரி. போன மாதம் அவருக்குப் பேதி நின்றதா என்று பக்கத்து வீட்டுத் தாயம்மா தட்டிக்கு அந்தப் பக்கமிருந்தே விசாரித்தாள்; லைனே சிரித்தது.

இன்றைக்குச் சிரிக்க யாருமில்லை. ராத்திரி ஷிப்ட்டுக்கு இறங்கிய ஆட்கள் வெயில் ஏறியும் வரவில்லை. அவர்களை மேலே ஏற்றி வந்த கேஜ், அந்த இரும்புக் கூண்டு, பாதிக் குழியில் சிக்கி நிற்கிறதாம். அதில் பாப்பம்மாவின் புருஷனும் இருந்தான், தாயம்மாவின் புருஷனும் இருந்தான்.

கிழவருக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. "வந்துட்டானா?"

"வந்துடுவாரு மாமா."

"யாரு?"

"அவருதான்!"

"எவரு, மேஸ்திரியா? உள்ள வரச் சொல்லு. பாயப் போடு."

அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "உங்க மவன், மாமா!"

"பெரியவனா? அவந்தான் செத்துட்டானே."

புருஷன் பேரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும். கல்யாணமான நாளிலிருந்து அவள் அதை வாயில் வைத்ததில்லை. அதுவும் இன்றைக்கா?

கிழவரின் கண் வாசலிலேயே நின்றது. பாவம், இதற்காகவே உயிரைப் பிடித்து வைத்திருக்கிறார். பாப்பம்மா தாலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கத்தினாள்.

"முனிரத்தினம் வந்துட்டாரு மாமா! மேல வந்துட்டாரு!"

முதல் தடவையே கேட்டுவிட்டது. "கை கால் கழுவினு வந்து துன்னச் சொல்லு," என்றார். அப்புறம் மூச்சு வரவில்லை.

அவள் வாயைத் திறப்பதற்குள் தட்டிக்கு அந்தப் பக்கம் தாயம்மா கூவினாள். "வந்துட்டாங்களா! ஐயோ, எஞ்சாமி!" வெளியே யார் யாரோ ஓடினார்கள். "கேஜ் ஏறிடுச்சாம்டீ!"

பாப்பம்மா மாமனாரின் கண்ணை மூடினாள். அழுதால் லைனுக்கே கேட்கும். தான் சொன்னது பொய் என்று சொன்னாலும் கேட்கும். முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

தட்டி இடுக்கு வழியாகப் புகை வந்தது. தாயம்மா தன் புருஷன் குளிக்க வெந்நீர் போட்டுக்கொண்டிருந்தாள்.