பென் டிரைவில் வந்த சம்மதம்

ஜெகனுக்குப் பகல் ஷிஃப்ட் என்றால் எனக்கு இரவு. அடுத்த வாரம் மாறிவிடும். கும்மிடிப்பூண்டி கம்பி மில்லில் இருவரும் ஒரே கான்ட்ராக்டரிடம் பன்னிரண்டு மணி நேர வேலை. புதுவாயலில் டயர் கடைக்குப் பின்னால் ஒரே அறை. அவன் எழுந்து போன பாயில் நான் படுப்பேன். நான் எழுந்த பாயில் அவன். இரண்டு வருடமாக இப்படித்தான் போகிறது. இருவரும் உட்கார்ந்து பேசுவதென்றால் ஷிஃப்ட் மாறும் ஞாயிற்றுக்கிழமைதான்.

சேர்ந்து வாங்கிய பழைய லேப்டாப் ஒன்று இருந்தது. அதில் ஒரே ஒரு விளையாட்டு. ஒரு வீரன் நான்கு துணைவர்களோடு மலை, காடு என்று நடந்துகொண்டே இருப்பான். வீரனுக்கு ஜெகாதி என்று பெயர் வைத்தோம். ஜெகனும் ஆதிகேசவனாகிய நானும் சேர்ந்தால் ஜெகாதி. அவன் விட்ட இடத்திலிருந்து நான் ஆடுவேன், நான் விட்ட இடத்திலிருந்து அவன். பார்த்துக்கொள்ளாத நாட்களில் அவன் எப்படி இருக்கிறான் என்பதை வீரனின் உடம்பைப் பார்த்தே தெரிந்துகொள்வேன். வீரன் தேவையில்லாத சண்டைக்கெல்லாம் போய் அடிவாங்கி நின்றால், மேஸ்திரி ஜெகனை ஏதோ சொல்லியிருக்கிறார் என்று பொருள்.

துணைவர்களோடு பேசிப் பழகினால் அவர்களில் ஒருவர் வீரனைக் காதலிக்கவும் செய்வார். ஜெகன் வில்வீராங்கனை மிர்னாவைப் பிடித்துக்கொண்டான். ஒரு மாதம் அவளுக்குப் பரிசாகக் கொடுத்துத் தீர்த்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நாஷ்டா ஆறிக்கொண்டிருக்க, தன் மனதைச் சொல்லும் வரியை அழுத்தினான். அவள் நீளமாக ஏதோ பதில் சொன்னாள். அவனுக்கு ஆங்கிலம் தடுமாறும்.

"இன்னாடா சொல்றா?"

நான் படித்துச் சொன்னேன். உன்னைப் போல ஒரு நண்பன் எனக்குக் கிடைத்ததில்லை. ஆனால் என் மனம் பெண்களிடம்தான் போகும். இது உன் குறை இல்லை.

"பொண்ணுங்க கிட்டயா? ஒரு மாசமா வாங்கிக்கினா இல்ல, அப்ப சொல்லத் தெர்ல?"

"நீ கேட்டாத்தானே சொல்லுவா."

"கேம்ல கூடவாடா!" என்று லேப்டாப்பைப் பட்டென்று மூடினான். அந்த வாரம்தான் வேப்பம்பட்டில் பார்த்த பெண் வீட்டிலிருந்து வேண்டாம் என்று சொல்லியனுப்பியிருந்தார்கள். மூன்றாவது இடம். மூன்று இடத்திலும் ஒரே காரணம்: நிரந்தர வேலை இல்லை. அன்று நான் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு எனக்கு இரவு ஷிஃப்ட் வந்த ஒரு வாரத்தில், காலையில் அறைக்குத் திரும்பியதும் லேப்டாப்பைத் திறந்தேன். வீரனோடு டோரின் என்று ஒரு கொல்லன் வருவான். அதிகம் பேசமாட்டான். அன்று கூடாரத்துக்கு வெளியே நெருப்பருகில் உட்கார்ந்து அவனாகவே பேசத் தொடங்கினான். என் ஊரில் எனக்கு இரண்டு பெண்களைப் பார்த்தார்கள். இரண்டு பேரிடமும் நானே போய் உண்மையைச் சொன்னேன். எனக்கு ஆண்களைத்தான் பிடிக்கும். அதற்குப் பிறகு ஊரில் யாரும் என்னிடம் கத்தி தீட்டக் கொடுக்கவில்லை. இதைக் கேட்ட பிறகும் நீ என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாய்.

கீழே நான் சொல்லக்கூடிய பதில்கள் மூன்று வந்து நின்றன. முதல் பதில் என்னவென்று எழுதத் தேவையில்லை.

வெளியே கொல்கத்தா சாலையில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. கையில் இன்னும் கம்பியின் சூடு இருந்தது. பிறகு எதையும் அழுத்தாமல், சேமிக்காமல், மூடிவிட்டுப் படுத்தேன். அழுத்திச் சேமித்தால் மாலையில் ஜெகன் திறக்கும்போது டோரின் வீரனின் கூடாரத்தில் இருப்பான். தனியாக இன்னொரு ஆட்டம் தொடங்கலாம்தான். ஆனால் திறந்த உடனே எல்லாச் சேமிப்பும் வரிசையாகத் தெரியும். இது யாருடையது, எதற்கு என்று அவன் கேட்பான்.

மறுநாளும் நெருப்பருகில் போய் உட்கார்ந்தேன். கொல்லனோடு உட்கார்ந்து பேசும் பொறுமை ஜெகனுக்குக் கிடையாது. டோரின் அதே சொற்களைச் சொன்னான். மூடினேன். இரவு ஷிஃப்ட் வந்த வாரங்களில் எல்லாக் காலையும் இதைச் செய்தேன். அலுக்கவில்லை என்று சொல்லமாட்டேன். ஆனாலும் இருபத்தேழு வயதுவரை யாரும் என்னிடம் சொல்லாத ஒன்றை அவன் நாள்தோறும் சொன்னான். எனக்காகச் சொல்லவில்லை. நான் வருவதற்கு முன்பே அவன் அப்படித்தான் இருந்திருக்கிறான், நான் வராவிட்டாலும் அப்படித்தான் இருப்பான். எனக்கு அதுதான் வேண்டியிருந்தது.

போன ஞாயிறு மதியம் ஜெகன் வெளியே போய்விட்டு ஒரு பென் டிரைவோடு வந்தான்.

"அஹ்சன் குடுத்தான்," என்றான். அஹ்சன் மெயின் ரோட்டில் மொபைல் கடை வைத்திருப்பவன். "மோட் மச்சான். கேமையே மாத்திடும். இத்த போட்டா எல்லாரும் எல்லாருக்கும் ஓகே சொல்வாங்களாம். ஆம்பள, பொம்பள, ஒண்ணும் கெடையாது. மிர்னா, கூட வர்ற அந்தக் கெழவி, கொல்லன், யார வேணா கேளு, சரிம்பாங்க."

"ஓணாம்டா."

"ஏன், வைரஸ்ஸா? அவன் போட்டு ஆடிக்கினு கீறான்."

"வைரஸ் இல்ல. அவ ஒரு தபா இல்லன்னு சொல்ட்டா. அத்த அப்டியே உட்டுடேன்."

"அவ இன்னா உன் அக்காவா? கம்ப்யூட்டர்டா! எவனோ எழுதி வெச்சத இன்னொருத்தன் மாத்தி எழுதிக்கிறான். இதுல அவளுக்கு இன்னா வலிக்கப் போவுது?" பென் டிரைவைச் சொருகினான். "பள்ளிப்பட்டுல இல்லன்னாங்க. திருத்தணில இல்லன்னாங்க. வேப்பம்பட்டுலயும் இல்லன்ட்டாங்க. மில்லுல பெர்மனன்ட் கேட்டா இல்ல. ஊட்டுக்கு வந்து இதையாவது தொறந்தா, இதுவும் இல்ல. எனக்கு ஒர்த்தி சரின்னு சொல்லி நான் பாக்கவேண்டாமாடா? பொய்யாவே சொல்லட்டும்."

அவன் சொன்னதில் தப்பு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. சோர்ந்துபோன ஒருவன் ஒரே ஒரு சம்மதத்தைக் கேட்கிறான். பேசாமல் விட்டிருக்கலாம். மோடைப் போட்டுவிட்டால் எனக்கும் வசதிதான். டோரின் எல்லோருக்கும் சரி சொல்கிறவனாகிவிடுவான், என்மேல் யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் அப்போது அவன் சொல்லும் சரி, என்னைப் போன்ற ஒருவன் எனக்குச் சொல்லும் சரியாக இருக்காது. அடுத்த முறை நெருப்பருகில் போய் உட்கார்ந்தால், அங்கே எனக்குத் தெரிந்த யாரும் இருக்கமாட்டார்கள்.

திரையில் பச்சைக் கோடு ஒன்று ஊர்ந்து, போடலாமா என்று கேட்டு நின்றது. ஜெகன் விரலைக் கொண்டுபோனான்.

"டோரின் மாறிடுவான்டா," என்றேன்.

"யாரு, கொல்லனா? மாறட்டுமே. அவன் எப்டி இருந்தா உனக்கு இன்னா?"

"எனக்கு இருக்குது."

விளையாட்டாக ஏதோ சொல்லத் திரும்பியவன் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். நான் கண்ணை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் சிரித்து மழுப்பியிருப்பேன். டயர் கடையில் காற்றடிக்கும் மெஷின் ஓடி நின்றது. மறுபடி ஓடியது.

"அப்ப நீ..." என்றான்.

"ஆமா."

"எத்தினி நாளா?"

"நாள் கணக்குலாம் இல்லடா. மொதல்லேர்ந்தே."

அவன் பாயைப் பார்த்தான். சுவரில் பக்கத்துப் பக்கத்தில் தொங்கிய எங்கள் சட்டைகளைப் பார்த்தான். அவன் என்ன கேட்கப்போகிறான் என்று எனக்குத் தெரிந்தது.

"எம்மேல எதுனா...?"

"இல்ல."

"அது எப்டிடா அவ்ளோ கறாரா சொல்ற?"

"மிர்னா எப்டி சொன்னா? அதே மாரிதான். நீ நல்லவன். எனக்கு அப்டித் தோணல."

அவன் மூக்கால் சிரித்தான்.

"தூ! நீயும் இல்லன்ட்டியா? நாலாவது எடம் நைனா இது. ஊட்டுல சொன்னா எங்கம்மா அழுவும்."

நானும் சிரித்தேன். அதற்கப்புறம் சிரிப்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை. அவன் பென் டிரைவைப் பிடுங்கி, மூடி போட்டு, சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

"மொதல்லயே சொல்லி இருந்தா வெயில்ல அவ்ளோ தூரம் போய் வந்திருக்க மாட்டேன்ல," என்றான். "மில்லுல எவன்கிட்டயும் வாய உட்டுடாத. மேஸ்திரி காதுல உழுந்தா நம்ம ரெண்டு பேரையும் சேத்து வெச்சிப் பேசுவானுங்க."

"சொல்லமாட்டேன்."

அன்றிலிருந்து அவனுக்கு இரவு ஷிஃப்ட். போவதற்குள் ஒரு தூக்கம் போடவேண்டும். இரண்டு வருடமாக என் எதிரிலேயே பேன்ட் மாற்றுகிறவன், கொடியிலிருந்து லுங்கியை உருவிக்கொண்டு வெளியே பாத்ரூமுக்குப் போனான். தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. இதைத்தான் நான் எதிர்பார்த்தேன். இன்னும் மோசமாக எதையெல்லாமோ கூட எதிர்பார்த்திருந்தேன். ஆனாலும் அந்தச் சத்தம் உள்ளே எங்கேயோ போய் உட்கார்ந்துகொண்டது.

திரும்பி வந்து சுவரைப் பார்த்துப் படுத்தான்.

"நீ ஆடு," என்றான். "நான் தூங்கறேன்."

லேப்டாப்பை மடியில் வைத்துத் திறந்தேன். நெருப்பருகில் டோரின் சொல்வதையெல்லாம் சொல்லி முடித்தான். மூன்று பதில்கள் வந்து நின்றன. முதலாவதை அழுத்தினேன். பெரிதாக ஏதாவது நடக்கும் என்று நினைத்திருந்தேன்போல. டோரின் எழுந்து இரண்டு விறகை நெருப்பில் போட்டுவிட்டு ஏதோ சொன்னான்.

ஜெகன் தூங்கியிருக்கவில்லை.

"இன்னா சொல்றான்?" என்று சுவரிடமே கேட்டான்.

"ரெண்டு பேருமே ரொம்ப நடந்துட்டமாம். மொதல்ல என்னத் தூங்க சொல்றான். அவன் முழிச்சிக்கினு இருப்பானாம்."

"அவ்ளோதானா? இதுக்கா இத்தினி பேஜாரு?"

"அவ்ளோதான்," என்றேன்.

சேமிக்கவா என்று திரை கேட்டது. சேமித்தேன்.