ஐம்பது நிமிடம் போக

கண்டக்டர் வேலையிலிருந்து ஓய்வுபெற்று இரண்டு வருடம் ஆகியும், தெருவில் எல்லோரும் அவரைக் கண்டக்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். அது காதுபடக் கூப்பிடுவது. முதுகுக்குப் பின்னால் அவர் பெயர் கொட்டாவி. சும்மா வைத்த பெயரில்லை. மனிதர் வங்கி வரிசையில் நின்றுகொண்டே தூங்கியிருக்கிறார். மைத்துனி கல்யாண போட்டோவில் பதினேழு பேர் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்க, ஒருவர் மட்டும் கண்ணை மூடி வாயைப் பிளந்திருப்பார். முடிவெட்டும் நாற்காலியில் அவர் அயர்ந்துபோக, எழுப்ப மனசு வராத கடைக்காரர் அடுத்த ஆளை ஸ்டூலில் உட்காரவைத்து வெட்டி அனுப்பிய கதையும் உண்டு.

அவர் மனைவி நேர் எதிர். முட்டையக்கா என்றால் தெருமுனை வரை தெரியும். வீட்டின் பின்னறையில் பீரோ உயரத்துக்கு ஒரு இன்குபேட்டர் வைத்து, முட்டையைக் குஞ்சாக்கிக் கொடுப்பது அவர் தொழில். இருபத்தொரு நாள், முப்பத்தேழரை டிகிரி, அவ்வளவுதான் கணக்கு. ஆனால் அரை டிகிரி ஏறி இறங்கினால் அக்காவுக்கு வெளியே வியர்க்கும்.

மூன்று வருடமாக நடையாய் நடந்து, ஒரு பெரிய பண்ணைக்காரரின் மனசை அக்கா கரைத்திருந்தார். அவர் அறுநூறு முட்டையைக் கொடுத்து, "இது நல்லா பொரிஞ்சா மாசாமாசம் உங்களுக்குத்தான். பொரியலைன்னா நான் பழைய இடத்துக்கே போயிடுவேன்" என்று சொல்லிவிட்டார். அந்த அறுநூறுக்கும் பதினெட்டாம் நாள் நடக்கும்போதுதானா அக்காவின் தங்கைக்குக் குடல்வால் வெடிக்க வேண்டும்? வெள்ளிக்கிழமை காலை ரயிலுக்குக் கிளம்பிக்கொண்டே அக்கா புருஷனுக்குப் பாடம் நடத்தினார்.

"நீங்க ஒண்ணும் பண்ண வேணாம். பண்ணாம இருந்தாலே பெரிய உதவி. கடைசி மூணு நாளு, கதவ மட்டும் தொறந்துடாதீங்க. ஈரக்காத்து வெளிய போச்சுன்னா குஞ்சு ஓட்டோட ஒட்டிக்கிட்டுச் செத்துடும். காலைல, மத்தியானம், ராத்திரி, மூணு வாட்டி சூடு எவ்வளவுன்னு நோட்டுல எழுதுங்க. பண்ணைக்காரர் கேப்பாரு. ஒரு நாளைக்கு மூணு வாட்டியாவது முழிச்சிருப்பீங்கல்ல?"

"பாத்துக்கறேன், போ."

"அந்தப் பாத்துக்கறேன்லதான் எனக்குப் பயமே."

அக்கா போனது காலை ஏழு மணிக்கு. மெஷின் படுத்தது சாயங்காலம் நாலு மணிக்கு. வழக்கமாக எரிந்து எரிந்து அணையும் சிவப்பு விளக்கு அணையவே இல்லை என்பதைக் கண்டக்டர் தற்செயலாகத்தான் கவனித்தார். பார்த்தால் முப்பத்தெட்டரை. தெருமுனை மெக்கானிக் ஓடிவந்து பின்பக்கத்தைக் கழற்றிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"தெர்மோஸ்டாட் போச்சு சார். சூடு தானா நிக்காது. நான் ஒயர் இழுத்து ஒரு சுவிட்ச் மாட்டி விடறேன். முப்பத்தெட்டு வந்தா அணைங்க, முப்பத்தேழுக்கு வந்தா போடுங்க. பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா பாக்கணும்."

"எதுவரைக்கும்?"

"புதுசு திங்கக்கிழமைதான் வரும்." மெக்கானிக் ஒருமுறை மெஷினைப் பார்த்தார், ஒருமுறை கண்டக்டரின் முகத்தைப் பார்த்தார். "வீட்ல வேற யாராச்சும் இருக்காங்களா சார்?"

அந்தக் கேள்விதான் சுருக்கென்று குத்தியது. "ஏன், நான் ஆளாத் தெரியலையா?" என்று கேட்டு அவரை அனுப்பிவிட்டு, கண்டக்டர் பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டார்.

உட்காரப் போனபோதுதான் சிக்கல் புரிந்தது. நாற்காலியில் உட்கார்ந்தால் தூங்கிவிடுவார். சுவரில் சாய்ந்தால் சொல்லவே வேண்டாம். நிற்கலாமென்றால், கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓடும் பஸ்ஸில் முப்பது வருடம் நின்றபடி தூங்கிப் பழகிய உடம்பு அது. அவர் இன்னும் தூங்கிப் பார்க்காத நிலை என்று உலகத்தில் ஒன்று இருக்கிறதா என்று யோசித்து, கடைசியில் ஒரு பக்கெட்டை அறையின் நடுவில் கவிழ்த்துப்போட்டு அதில் உட்கார்ந்தார். முதுகுக்கு ஆதாரமில்லை. அசந்தால் குப்புற விழ வேண்டியதுதான்.

மூன்று வாட்டி எழுதச் சொன்ன நோட்டில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுதினார். நேரம், சூடு, சுவிட்ச் போட்டதா அணைத்ததா. எழுதும் வேலை அவருக்குப் புதிதல்ல. ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் டிரிப் ஷீட் எழுதிய கைதானே? தூக்கம் கண்ணைச் சொருகும்போதெல்லாம் எழுந்து நின்று முட்டைகளைப் பார்த்து, "உள்ள போ, உள்ள போ, நடுவுல இடம் இருக்கு பாரு! படியில தொங்காத!" என்று சத்தம் போட்டார்.

இது எதிர்வீட்டுத் தையல்காரர் காதுக்கு எட்டாமல் இருக்குமா? கொட்டாவி என்ற பெயரைச் சூட்டிய பெருமை அவருடையதுதான். சனிக்கிழமை காலையில் பின்பக்க ஜன்னலில் அவர் முகம் முளைத்தது.

"என்னண்ணே, முட்டைக்கெல்லாம் டிக்கெட் போட்டாச்சா?"

"போய்யா, வேலையா இருக்கேன்."

"ஒரு ராத்திரி தாண்டிட்டீங்க போல. தெருவே பேசுது. வேணும்னா நான் ரெண்டு மணி நேரம் பாத்துக்கறேன், நீங்க உங்க தொழிலப் பாருங்க."

"என் தொழில் எனக்குத் தெரியும்."

அன்று மத்தியானம் அக்கா போன் செய்தார். தங்கைக்கு ஆபரேஷன் முடிந்துவிட்டதாம். "மெஷின் எப்படி ஓடுது?" என்று கேட்டார். ஆஸ்பத்திரியில் இருப்பவரை எதற்குக் கலங்கடிக்க வேண்டும் என்று, பொய்யும் இல்லாமல் மெய்யும் இல்லாமல், "அது பக்கத்துலயேதான் உக்காந்திருக்கேன்" என்றார் கண்டக்டர். "ஆமா ஆமா" என்று சிரித்துவிட்டு அக்கா போனை வைத்தார்.

இரண்டாவது இரவும் போனது. ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது கண்ணில் மண்ணை அள்ளிப் போட்டதுபோல் இருந்தது. பல் தேய்க்கும்போது எதற்குத் தேய்க்கிறோம் என்பதே மறந்துபோனது. நோட்டில் அவர் எழுத்து கோழி கிளறிய மண்போல ஆகிவிட்டது. ஆனாலும் நாற்பது மணி நேரம்! தெருவில் எவனாவது இருந்திருப்பானா? பக்கெட்டின் மேல் கொஞ்சம் நிமிர்ந்தே உட்கார்ந்தார்.

மத்தியானம் மூன்று மணி. அடுத்த வரி எழுத நோட்டைப் பார்த்தவருக்கு முதலில் சந்தோஷமாக இருந்தது. கடைசி ஐந்து வரியும் முத்து முத்தாக இருந்தன. இரண்டு பத்து, முப்பத்தேழு புள்ளி ஆறு. இரண்டு இருபது, அதே ஆறு. இரண்டு முப்பதுக்கும் அதே. வரி கோணவில்லை, மை தீற்றவில்லை. அப்புறம்தான் அதற்கு மேலே இருந்த வரிகளைப் பார்த்தார். முந்தின வரி வரைக்கும் கிறுக்கிய கை, திடீரென்று எப்படி இவ்வளவு அழகாக எழுதியது?

தூங்கியிருக்கிறார். பக்கெட்டிலிருந்து விழாமல், பேனாவைக் கீழே போடாமல், முப்பது வருடம் குலுங்கும் பஸ்ஸில் அரைத்தூக்கத்தில் ஷீட் நிரப்பிய கை, அவரைக் கேட்காமலேயே ஸ்டாப் ஸ்டாப்பாக நிரப்பிக்கொண்டு போயிருக்கிறது.

மெஷினில் முப்பத்தொன்பது புள்ளி ஏழு.

சுவிட்சை அணைத்தார். கதவைத் திறந்து விசிறத்தான் கை பரபரத்தது. கைப்பிடியைப் பிடித்தே விட்டார். ஈரக்காத்து என்று அக்கா சொன்னது நினைவுக்கு வர, கையை எடுத்துவிட்டு மேலிருந்த காற்றுத் துளையை மட்டும் முழுசாகத் திறந்தார். ஒவ்வொரு புள்ளியாக இறங்கி முப்பத்தெட்டுக்கு வர ஏழு நிமிடம் ஆயிற்று. அந்த ஏழு நிமிடத்தில் தூக்கம் அவர் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. கண்ணாடியில் காதை வைத்துக் கேட்டார். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. அறுநூறும் அமைதியாகக் கிடந்தன.

வாசலுக்கு வந்து, வாழ்க்கையில் மிகக் கஷ்டமான ஒன்றை எதிர்வீட்டைப் பார்த்துச் சொன்னார். "யோவ்... தூங்கிட்டேன்யா. கொஞ்சம் வா."

சிரிக்கத் தயாராக வந்த தையல்காரர், அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கிக்கொண்டார். நோட்டை வாங்கிப் பார்த்தார். "யாருக்குண்ணே தெரியப்போகுது? எழுத்து வேற பிரமாதமா இருக்கு. இப்படியே விட்டுடுங்க."

"முப்பது வருஷத்துல ஷீட்டுல ஒரு வரி பொய் எழுதினதில்ல."

ஐந்து வரியையும் குறுக்கே அடித்தார். பக்கத்தில் கோணல்மாணலாக எழுதினார்: 'இரண்டு பத்திலிருந்து மூன்று வரை தூங்கிவிட்டேன். சூடு 39.7 வரை போனது.'

அதற்குப் பிறகு தையல்காரர் காவலுக்கு உட்கார்ந்தார். கையில் ஒரு சட்டையும் பட்டன் ஊசியும். "அசந்தீங்கன்னா குத்திடுவேன், உறவெல்லாம் பாக்க மாட்டேன்" என்று மிரட்டினார். நாற்காலியில் சாய்ந்து சம்மணமிட்டு, தெருவில் யார் யார் எப்படிப்பட்டவர்கள் என்பதையெல்லாம் ஒன்று விடாமல் சொல்லிவந்தார். எட்டு மணிக்குப் பேச்சு நின்றது. எட்டே கால் மணிக்குக் குறட்டை கிளம்பியது. கண்டக்டர் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். இத்தனை வருடத்தில் இன்னொருவர் தூங்குவதை அவர் உட்கார்ந்து பார்த்ததே இல்லை. ஊசியை மெல்ல உருவிப் பத்திரமாகச் சுவர்க்காலண்டரில் குத்திவைத்துவிட்டு, முப்பத்தேழு என்று எழுதி, சுவிட்சைப் போட்டார்.

திங்கள் விடிகாலை ஐந்து இருபதுக்கு உள்ளே எங்கேயோ ஒரு கீச். பிரமையாக இருக்கும் என்று அவர் அதை நம்பவில்லை. மறுபடி ஒரு கீச். தையல்காரரை உலுக்கி, "உனக்குக் கேக்குதா? எனக்கு மட்டும் கேக்குதா?" என்றார். தையல்காரர் வாயைத் துடைத்துக்கொண்டு, "கேக்குதுண்ணே... நான் தூங்கவெல்லாம் இல்ல" என்றார்.

பதினோரு மணிக்கு அக்கா வந்தார். சொருகியிருந்த ஒயரையும், தொங்கிய சுவிட்சையும், பக்கெட்டையும், புருஷனின் செக்கச்செவேலென்ற கண்ணையும் பார்த்தார். நேராகக் கண்ணாடியில் முகத்தை வைத்தார். உள்ளே தட்டு தட்டாக மஞ்சள் நெளிந்தது. பன்னிரண்டு மணிக்குப் புதுத் தெர்மோஸ்டாட்டோடு மெக்கானிக் வர, கண்டக்டர் கடைசி வரியை எழுதி நோட்டை அக்காவிடம் நீட்டிவிட்டு, கூடத்துப் பெஞ்சில் போய் விழுந்தார். வெள்ளி நாலிலிருந்து திங்கள் பன்னிரண்டு. அறுபத்தெட்டு மணி நேரம்.

விழுந்ததும் தூங்கியிருக்க வேண்டும். அதிசயமாகத் தூக்கம் வரவில்லை. கண்ணை மூடிக் கிடந்தார். சாயங்காலம் பண்ணைக்காரர் வந்த சத்தம் கேட்டது. பெட்டி பெட்டியாக எண்ணும் சத்தம் கேட்டது. ஐந்நூற்றுப் பதினொரு குஞ்சு. அப்புறம் நோட்டுப் பக்கங்கள் புரளும் சத்தம். அது ஓரிடத்தில் நின்றது.

"இது என்னம்மா, தூங்கிட்டேன்னு எழுதியிருக்கு?" பண்ணைக்காரர் குரல் கூடத்தையே அதிரவைத்தது.

கண்டக்டர் இமையை இன்னும் இறுக்கி மூடிக்கொண்டார். அக்காதான் பேசினார்.

"மெதுவா பேசுங்க, படுத்திருக்காரு. மெஷின் கெட்டுப்போச்சு. மூணு நாளா கையாலேயே ஓட்டியிருக்காரு. அறுபத்தெட்டு மணி நேரம். அதுல அம்பது நிமிஷம் போக."

"அந்த அம்பது நிமிஷத்த யாரு பாத்தா?"

"யாரும் பாக்கல. அவரே எழுதிவச்சாரு. நீங்க இத்தன வருஷம் வாங்கின இடத்துல, தூங்கிட்டேன்னு எழுதின நோட்டு ஒண்ணு காட்டுங்க பாப்போம்."

நோட்டை மூடும் சத்தம் கேட்டது. பிறகு பண்ணைக்காரர் தொண்டையைச் செருமினார். "அடுத்த தடவைக்கு எண்ணூறு அனுப்பறேன்மா. மெஷின மட்டும் பாத்துக்குங்க."

"மெஷினுக்கு நான் ஜவாப்தாரி இல்ல. எங்க வீட்டு மனுஷனுக்கு ஜவாப்தாரி."

அவர் போனதும் வாசலில் தெரு கூடிவிட்டது. அக்கா நோட்டைப் பிரித்துப்பிடித்து ஆரம்பத்திலிருந்து சொல்லத் தொடங்கினார், தான் கூடவே இருந்து பார்த்ததுபோல. ஒவ்வொரு பக்கமாகத் திருப்பி, "இங்க பாருங்க, சனிக்கிழமை ராத்திரி மூணு மணி, மூணு பத்து, மூணு இருபது" என்று விரல் வைத்துக் காட்டினார். அக்கா தன்னைப் பற்றி நாலு பேர் முன்னால் நல்லதாக ஒரு சொல் சொல்லிக் கண்டக்டர் கேட்டதே இல்லை. தையல்காரர் நடுவில் புகுந்து, "நானும் கூட இருந்தேங்க" என்றார். "இருந்தீங்க, குறட்டை சத்தம் நாலு வீடு தள்ளிக் கேட்டுச்சாம்" என்றார் அக்கா.

இப்போதுதான் தூக்கம் காலிலிருந்து ஏறி இடுப்பு வரை வந்திருந்தது. அக்கா கதையில் இன்னும் ஞாயிற்றுக்கிழமைக்கே வரவில்லை. அதுவரை கேட்டாக வேண்டும் என்று கண்டக்டர் மூடிய இமைக்குள் கண்ணை விரித்துவைத்துக்கொண்டு, பல்லைக் கடித்துக் கிடந்தார்.