என்ட தலை

நிரோஜினியின் மூளையில் இரத்தக்குழாய் ஒன்று பலூன்போல வீங்கியிருப்பதாக ஸ்கான் காட்டியபோது, அவளைவிட அவளுடைய அண்ணன் ரஜீவன்தான் அதிகம் பயந்தான். காரணம் இருந்தது. அப்பா திடீர்த் தலையிடியோடு விழுந்து அன்றே செத்தவர். மூன்று வருடத்துக்கு முன் மூத்த அக்கா சிவாஜினி மீன் சந்தையில் அதேபோல விழுந்தாள். கண்டிக்குக் கொண்டுபோய் மண்டையைத் திறந்து, வெடித்த குழாயில் கிளிப் போட்டார்கள். உயிர் தப்பினாள். ஆனால் இப்போதும் ஒவ்வொரு சொல்லாகத் தேடித்தான் எடுப்பாள். அவள் ஒரு வசனத்தை முடிப்பதற்குள் ஆட்கள் வேறு கதைக்குப் போய்விடுவார்கள்.

"மண்டையில கத்தி வச்சதால வந்த வினை" என்று அவர்களுடைய ஊரான சாம்பல்தீவு முழுக்கச் சொன்னது. ரஜீவனும் அதையே நம்பினான்.

நிரோஜினி திருகோணமலை நகரில் பெண்களுக்குக் கார் ஓட்டப் பழக்குகிறவள். கல்யாணம் கட்டவில்லை, அக்காவோடு இருக்கிறாள். கண்டியில் டொக்டர் படத்தைத் திரையில் போட்டுக் காட்டும்போது அவள் கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"ரெண்டு வழி இருக்கு" என்றார் டொக்டர். "தொடையால மெல்லிய குழாய் விட்டு, வீக்கத்துக்குள்ள கம்பிச் சுருள் அடைக்கலாம். மண்டையைத் திறக்கத் தேவையில்லை. கெதியா வீட்ட போகலாம். ஆனா உங்கட வீக்கத்தின்ட வாய் அகலம். சுருள் வழுகாம நிக்க இன்னொரு வலைக்குழாயும் வைக்கவேண்டி வரும். பிறகும் இடைக்கிடை வந்து படம் எடுக்கவேணும். கிளிப் எண்டா மண்டையைத் திறக்கவேணும், ஆறச் சுணங்கும். ஆனா வாயை வெளியால இறுக்கி மூடிவிடலாம். ரெண்டிலயும் ஆபத்து இருக்கு. உங்களுக்கு நான் கிளிப்தான் சொல்லுவன். முடிவு உங்கட."

"சுருள்தான் டொக்டர்" என்றான் ரஜீவன்.

"டொக்டர் என்னைத்தான் கேட்டவர்" என்றாள் நிரோஜினி. "நான் யோசிச்சுச் சொல்லுறன்."

அந்தச் சனிக்கிழமை ரஜீவன் சாம்பல்தீவுக்கு வந்தான். கொழும்பில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சுருளுக்குத் திகதிகூடக் கேட்டு வைத்திருந்தான். சிவாஜினி குசினி வாசலில் இருந்து இறால் உரித்துக்கொண்டிருந்தாள்.

"அக்காவைப் பார்த்த பிறகும் உனக்குக் கத்தி கேக்குதோ?" என்றான்.

"வெட்டினதால... இல்லை" என்றாள் சிவாஜினி.

"நீங்க சும்மா இருங்கோ அக்கா. நான் இவளோட கதைக்கிறன்."

"அவவைக் கதைக்க விடுங்கோ அண்ணா" என்றாள் நிரோஜினி. குரல் உயரவில்லை.

சிவாஜினியின் உதடுகள் அசைந்தன. சொல் வரவில்லை. ரஜீவன் இடையில் ஏதோ சொல் எடுத்துக்கொடுக்கப் பார்த்தான். நிரோஜினி கையைக் காட்டி நிறுத்தினாள்.

"வெடிச்சது. அதாலதான்... பேச்சுப் போனது. வெட்டினபடியால்... உயிரோட இருக்கிறன்."

ரஜீவனுக்குக் கண் கலங்கிவிட்டது. "எனக்கு விளங்குது. ஆனா இன்னொருத்தியும் இப்பிடி வாறதை என்னால பார்க்க ஏலாது."

சிவாஜினி இறாலைச் சட்டிக்குள் போட்டாள். தம்பியை நேராகப் பார்த்தாள்.

"இப்பிடியெண்டா... எப்பிடி?"

மூன்று வருடமாக இந்த வீட்டில் ஒருவரும் அவளிடம் ஒன்றும் கேட்டதில்லை என்பது நிரோஜினிக்கு அப்போதுதான் உறைத்தது. தானும் கேட்டதில்லை. அவள் எழும்பிப்போய் அக்காவுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தாள்.

"அக்காவுக்கு வெடிச்ச பிறகு செய்தது. எனக்கு வெடிக்க முன்னம் செய்யப்போறம். பயம் இல்லையெண்டு நான் சொல்லேல்ல. ஆனா இது என்ட தலை. கிளிப்தான்."

ரஜீவன் கோபத்தோடு போனான். ஒப்பரேசன் அன்று விடியவே கண்டியில் வந்து நின்றான்.

ஒப்பரேசன் முடிந்து நிரோஜினி கண் விழித்தபோது தாடை வலித்தது. முகத்தின் ஒரு பக்கம் வீங்கிக் கண்ணை மூடியிருந்தது. பெயரைக் கேட்டார்கள், சொன்னாள். கையைத் தூக்கச் சொன்னார்கள், தூக்கினாள். ரஜீவன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதான். சிவாஜினி அழவில்லை. கட்டுப் போட்ட தலையைத் தொடாமல், கால்பாதத்தை மட்டும் பிடித்துக்கொண்டு இருந்தாள்.

வழித்த இடத்தில் முடி முளைக்க முதலே நிரோஜினி வெளியில் நடமாடத் தொடங்கினாள். காதுக்கு முன்னால் வளைந்து இறங்கிய தழும்பை மறைக்கவில்லை. "சுருள் வச்சிருந்தா இந்த அலங்கோலம் வந்திருக்காதே" என்று சொன்ன பக்கத்து வீட்டுக்காரியிடம், "உங்களுக்கு வந்தா டொக்டர் சொல்லுறதைக் கேட்டு நீங்க சுருள் வையுங்கோ. என்ட தலைக்கு இதுதான் சரி" என்றாள்.

டொக்டர் கார் ஓட்ட அனுமதித்தபோது மாதங்கள் போயிருந்தன. முதல் நாள் பழக வந்தவள் கிண்ணியாவைச் சேர்ந்த றிஷானா. அவளைக் கொண்டுவந்து விட்ட அண்ணன் றுமைஸ் நானா தழும்பைப் பார்த்துத் தயங்கினான்.

"மூளையில ஒப்பரேசன் செய்த ஆக்களோட ரோட்டில விடுறது எப்பிடி...?"

"டொக்டர் ஓம் எண்டிட்டார். நானும் ஓம் எண்டிட்டன்" என்றாள் நிரோஜினி. "இனி உங்கட தங்கச்சியைக் கேளுங்கோ."

றிஷானா நானாவைப் பார்க்கவில்லை. கதவைத் திறந்து ஓட்டுநர் இருக்கையில் ஏறினாள்.